பதினேழாம் பக்கத்திலிருந்து காசிக்கு

ஒரு புத்தகம் முழுக்கப் புரிந்துவிட்டால் ஆபத்தில்லை. துளிக்கூடப் புரியாவிட்டாலும் ஆபத்தில்லை, மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கலாம். பதினேழு பக்கம் வரை புரிந்து, அதற்கு மேல் புரியாமல் போகிற புத்தகம் இருக்கிறதே, அதுதான் ஆளைக் கவிழ்த்துவிடும். அப்படி ஒரு புத்தகத்தை நம்பி, என் கல்யாணத்தை நானே நிறுத்தப் பார்த்தவன் நான். வேண்டுமென்று செய்யவில்லை. (வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது.)

அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்துநாலு வயது. வீடு ஸ்ரீரங்கத்தில், குமாஸ்தா உத்தியோகம் திருச்சியில். அலுவலகத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலிக்காரன் சேவியர். அவன்தான் ஒரு சனிக்கிழமை என்னைத் தெப்பக்குளம் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடைக்கு அழைத்துப்போனான். அவனுக்குத் துப்பறியும் நாவல் வேண்டும். எனக்கு ஒன்றும் வேண்டாம். சும்மா நின்றவன் கையில், பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்த ஒரு ஒல்லியான நாவல் அகப்பட்டது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி முதல் பக்கத்தைப் புரட்டினேன். காவிரிப் பாலம் வந்ததே தெரியவில்லை. ஸ்ரீரங்கத்தில் இறங்க மறந்து, அதே பஸ்ஸில் சத்திரத்துக்கே திரும்பி வந்து, மறுபடி ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தபோது புத்தகம் முடிந்திருந்தது. கதை இதுதான்: கதாநாயகன் ஒரு ரயிலைத் தவறவிடுகிறான். அதற்காக வருத்தப்படுவதில்லை. அடுத்த ரயிலையும் தவறவிடுகிறான். வாழ்க்கையில் ஒன்றும் அர்த்தமில்லை என்று தெரிந்துகொள்கிறான். கடைசிப் பக்கத்தில் ரயில்வே ஸ்டேஷனையே மூடிவிடுகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

ஏன் அப்படிச் சிலிர்த்தது என்று இன்று யோசித்தால் காரணம் தெரிகிறது. அதுவரை நான் பார்த்த தத்துவமெல்லாம் அப்பாவின் அலமாரியில் இருந்தது. அதில் ஒரு வாக்கியம் காலையில் ஆரம்பித்தால் வினைச்சொல் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். நடுவில் நாலு பேர் ஆட்சேபம் சொல்வார்கள், அந்த நாலு பேருக்கும் எட்டு பேர் சமாதானம் சொல்வார்கள். இந்தப் பிரெஞ்சுக்காரரோ சின்னச் சின்ன வாக்கியமாக எழுதியிருந்தார். எழுந்தான், ஜன்னலைத் திறந்தான், வெளியே ஒன்றுமில்லை, சிகரெட் பற்றவைத்தான். இதற்கு வியாக்கியானம் வேண்டாம், குரு வேண்டாம், ஸ்நானம் பண்ணிவிட்டு உட்கார வேண்டியதில்லை. அகில உலகத்தின் துக்கமும் ஒண்ணரை மணி நேரப் பஸ் பயணத்தில் அடங்கிவிடுகிறது. இருபத்துநாலு வயசில் இதைவிட வேறென்ன வேண்டும்?

இந்தச் சித்தாந்தத்துக்கு எக்ஸிஸ்டென்ஷியலிசம் என்று பெயர். (இப்போது இருத்தலியல் என்கிறார்கள். அன்றைக்கே இப்படித் தமிழில் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு மோகம் வந்திருக்காது. சொல்ல முடியாத பெயர் என்பதில்தான் பாதி கவர்ச்சி.) இரண்டு வாரம் கழித்து மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் பரணிலிருந்து ஒன்றை இறக்கித் தூசி தட்டினார்.

"இதுவும் அதே சரக்குதான் சார். பெரிய சைஸு. ஆறு மாசமா யாரும் தொடலீங்க."

எழுநூற்று இருபது பக்கம். முதல் பதினேழு பக்கம் அமிர்தமாக இருந்தது. மனிதன் சுதந்திரமானவன். ஒவ்வொரு கணமும் அவன்தான் முடிவெடுக்கிறான். ஊருக்காக, வழக்கத்துக்காக, அடுத்தவன் சொன்னதற்காக ஒன்றைச் செய்கிறவன் வாழவில்லை, வேஷம் கட்டி ஆடுகிறான். அடடா என்று பதினெட்டாம் பக்கத்தைத் திருப்பினேன். ஒவ்வொரு வார்த்தையும் இங்கிலீஷ்தான், சேர்த்துப் படித்தால் எந்தப் பாஷையும் இல்லை. மூன்று நாள் முட்டிப் பார்த்துவிட்டு, பதினேழாம் பக்கத்தில் ஒரு பஸ் டிக்கெட்டை அடையாளமாகச் செருகி மூடினேன். அதற்கப்புறம் புத்தகம் என் கக்கத்தைவிட்டு இறங்கவில்லை. தலைப்பு வெளியே தெரிகிற மாதிரி இடுக்கிக்கொள்வதற்கு ஒரு தனிப் பயிற்சி வேண்டும், அது எனக்கு நன்றாக வந்தது.

வீட்டிலும் தத்துவம் வேலை செய்தது. "காபி எப்படிடா இருக்கு?" என்று அம்மா கேட்டால், "காபி இருக்கு. அவ்வளவுதான்" என்பேன். பிள்ளைக்குக் குறை சொல்கிற குணம் போய்விட்டது என்று அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். மறுநாளும் பழைய டிகாக்‌ஷனிலேயே போட்டுக் கொடுத்தாள்.

சேவியர்தான் மசியவில்லை. "நீ சொல்றதெல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மேனேஜர் வந்தா மட்டும் ஏன்டா எந்திரிச்சு நிக்கிறே?"

"நானாத் தேர்ந்தெடுத்து நிக்கறேன்."

"நானும் அப்படித்தான்டா நிக்கிறேன், புஸ்தகம் படிக்காமலே" என்றான்.

இந்த நிலையில் எனக்குப் பெண் பார்த்தார்கள். சித்திரை வீதியில் ஒரு கணக்கு வாத்தியாரின் ஒரே மகள், பெயர் கோமளா. பெண் பார்க்கப் போனபோதும் புத்தகம் கக்கத்தில். (ஆமாம். வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்தில் அதை வைக்க இடம் கேட்டவன் நான்.) கோமளா நமஸ்காரம் பண்ணிவிட்டு உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள், அப்புறம் புத்தகத்தைப் பார்த்தாள்.

"அது என்ன புஸ்தகம்?"

அவ்வளவுதான் கேட்டாள். நான் இருபது நிமிஷம் பேசினேன். சுதந்திரம், அபத்தம், வேஷம், எல்லாவற்றையும் கொட்டினேன். கேசரி ஆறியது. அவள் அப்பா கொட்டாவியை மேல்துண்டால் மறைத்தார். கோமளா மட்டும் ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில், "முழுக்கப் படிச்சாச்சா?" என்றாள்.

"ம்" என்றேன்.

வேஷமே கூடாது என்று இருபது நிமிஷம் பேசிய வாயால் அந்த 'ம்'மைச் சொன்னேன். அவளை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, அதுதான் காரணம். மறுநாள் அலுவலகத்தில் மூன்று கடிதங்களில் தேதி போடவேண்டிய இடத்தில் அவள் பெயரை எழுதி வைத்தேன்.

கல்யாணம் நிச்சயமானது. அப்போதுதான் என் மண்டைக்குள் பதினேழு பக்கமும் குடைய ஆரம்பித்தன. ஜாதகம் பொருந்தியது நான் பார்த்தா? நாள் குறித்தது நானா? என் வேஷ்டியின் கரையைக்கூட அத்தைதான் முடிவு செய்தாள். கோமளா வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவளை நானாகத் தேர்ந்தெடுத்த கணம் எது? அது இல்லாமல் தாலி கட்டினால் மிச்ச வாழ்நாள் முழுவதும் வேஷக்காரன்தானே?

அந்தக் கணம் கல்யாணத்துக்குள்ளேயே இருக்கிறது என்று கண்டுபிடித்தேன். காசி யாத்திரை. எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளை பஞ்சகச்சம் கட்டி, கண்ணுக்கு மை இட்டு, குடை, விசிறி, புதுச் செருப்பு, ஒரு புத்தகம் சகிதமாக, "சம்சாரம் வேண்டாம், காசிக்குப் படிக்கப் போகிறேன்" என்று தெருவில் நாலடி வைப்பான். பெண்ணின் அப்பா தேங்காய்த் தட்டோடு வழிமறித்து, "போகவேண்டாம், என் பெண்ணைத் தருகிறேன்" என்று வேண்டுவார். மாப்பிள்ளை உடனே திரும்பிவிடுவான். எல்லோரும் விளையாட்டாகச் செய்வது. அந்த இடத்தில் நான் நிஜமாகவே நின்று, அரை நிமிஷம் கண்ணை மூடி, சுதந்திரமாக யோசித்து, கோமளாவைத் தேர்ந்தெடுப்பேன். பிறகு திரும்புவேன். திட்டம் அவ்வளவுதான். அரை நிமிஷம்.

சேவியரிடம் சொன்னேன். "டேய், அதெல்லாம் படிக்கறதுக்குன்னு எழுதி வச்சிருக்காங்க. கல்யாணத்துல போய் வச்சுக்காதே" என்றான். அவனுக்கு என்ன தெரியும், துப்பறியும் நாவல் படிக்கிறவன்.

வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் தாலி ஏறவேண்டும். கல்யாணத்தை நடத்திவைக்கும் வாத்தியார் இதைக் காலையிலிருந்து ஏழு தடவை சொல்லிவிட்டார். ஒன்பதே காலுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு பெண் வீட்டு வாசலிலிருந்து தெருவில் இறங்கினேன். கையில் கொடுத்திருந்த சின்னப் புத்தகத்தை நைசாகக் கீழே வைத்துவிட்டு, என்னுடைய எழுநூற்று இருபது பக்கத்தை இடுக்கிக்கொண்டேன். தெருமுனையில் நின்றேன். கண்ணை மூடினேன்.

நாலாவது விநாடியில் என் மாமனாரின் குரல் கேட்டது. "மாப்பிள்ளை, காசிக்குப் போகவேண்டாம். என் பொண்ணைக் கொடுக்கறேன். திரும்பி வாங்கோ."

பாவம், மனுஷர் மூன்று நாளாக ஒத்திகை பார்த்த வசனம். அவர் சரியாகத்தான் சொன்னார். ஆனால் என் அரை நிமிஷம் முடியவில்லையே. இப்போது திரும்பினால் அவர் சொல்லித் திரும்பினதாக ஆகிவிடும். சரி, பத்தடி தள்ளிப் போய் யோசிப்போம் என்று நடந்தேன். விளையாட்டு கொஞ்சம் நீள்கிறது என்று எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் பத்தடி ஓடி வந்து மறுபடி ஆரம்பித்தார். நான் இன்னொரு பத்தடி.

இப்படித்தான் சார் போனேன், பத்துப் பத்து அடியாக. ஒரே தடவையில் அவ்வளவு தூரம் போகிற துணிச்சல் எனக்குக் கிடையாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் திரும்பிவிடத்தான் நின்றேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாராவது ஒருத்தர் "வாங்கோ" என்று கூப்பிட்டுக் காரியத்தைக் கெடுத்தார்கள். இரண்டு நிமிஷம் எல்லோரும் சும்மா இருந்திருந்தால் நானே ஓடி வந்திருப்பேன். வயிற்றில் விடிகாலை குடித்த ஒரு டம்ளர் பால்தான். சமையல் நடந்த தளிகை உள்ளிலிருந்து வந்த நெய் வாசனை தெற்கு வாசல் வரைக்கும் என் கூடவே வந்தது.

தெற்கு வாசலைத் தாண்டினபோது எங்கள் பின்னால் ஒரு முப்பது பேர். நிறுத்தச் சொல்லி யாரும் கை காட்டாததால் நாகஸ்வரக்காரரும் தவுல்காரரும் வாசித்துக்கொண்டே வந்தார்கள். ஒரு பூக்கார அம்மா கூடையை நகர்த்தி வழி விட்டுவிட்டு என்னைக் கூர்ந்து பார்த்தாள்.

"சாமி, காசி வடக்கால இல்லீங்களா? இப்படிப் போனா ராமேஸ்வரம்ல வரும்?"

அது நியாயமான கேள்வி. ஆனால் அவள் சொல்லித் திரும்பினால் அதுவும் என் முடிவு ஆகாது என்பதால் தெற்கேயே நடந்தேன்.

மொட்டை கோபுரம் தாண்டியதும் (ராஜகோபுரம் அப்போது பாதியில் நின்று மொட்டையாகத்தான் இருந்தது) சேவியர் மூச்சிரைக்க என் பக்கத்தில் வந்தான். "டேய், திரும்புடா. உன் மாமனார் செருப்பில்லாம வர்றாருடா."

"நீ சொல்லித் திரும்பினா அது என் முடிவு இல்லை, சேவியர்."

"அப்ப போடா, காசிக்கே போய்த் தொலை."

இதென்ன வம்பு. இப்போது போனாலும் அவன் சொல்லிப் போனதாக ஆகிவிடும். நடுத்தெருவில் ஒரு காலைத் தூக்கியபடி நின்றேன். நாகஸ்வரக்காரர் வாயிலிருந்து சீவாளியை எடுத்துவிட்டு, "ஐயா, இன்னும் எவ்வளவு தூரம்ங்க?" என்றார். எனக்கே தெரியாது. அவருக்குப் பதில் சொல்லாமல் இருப்பதற்காக நடந்தேன்.

அம்மா மண்டபத்துப் படித்துறையில் ரோடு முடிந்துவிட்டது. வைகாசிக் காவிரியில் மணல்தான் நிறைய, ஓரமாகக் கொஞ்சம் தண்ணீர். கடைசிப் படியில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அங்கே திதி கொடுத்து வைக்கிற புரோகிதர் ஒருவர் எங்கள் கும்பலைப் பார்த்துவிட்டு எள்ளும் தர்ப்பையுமாக எழுந்து வந்தார். "யாருக்கு?" என்று கேட்டார். மாமனார் தட்டோடு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. மணி பத்தாகப் போகிறது. முகூர்த்தம் தவறினால் இந்தக் கல்யாணம் அவ்வளவுதான். கோமளா எனக்கில்லை. அந்த நல்ல மனுஷர் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. எல்லாம் தெரிகிறது. திரும்பி ஒரு படி ஏறினால் போதும் என்பதும் தெரிகிறது. கால் எழவில்லை. என் சுதந்திரத்தில் நானே மாட்டிக்கொண்டு நின்றேன்.

ஜட்கா வண்டி ஒன்று வந்து நின்றது. பட்டுப்புடவையும் தாழம்பூ ஜடையுமாகக் கோமளா இறங்கினாள். கல்யாணப் பெண் மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டு படித்துறைக்கு வந்ததை ஸ்ரீரங்கம் அன்றுதான் பார்த்தது. அவள் யாரையும் லட்சியம் செய்யவில்லை.

"அப்பா, நீங்க அந்த நிழல்ல உக்காருங்கோ. மேளக்காரரே, கொஞ்சம் நிறுத்துங்க. எல்லாரும் தள்ளிப் போங்கோ. இவர் தனியா யோசிக்கணும்."

எல்லோரும் தள்ளிப் போனார்கள். சத்தம் ஓய்ந்தது. காலையிலிருந்து நான் தவம் கிடந்த அரை நிமிஷம் வந்துவிட்டது. கோமளா கையை நீட்டினாள்.

"அந்தப் புஸ்தகத்தைக் கொடுங்கோ."

கொடுத்தேன். பிரித்தாள். பஸ் டிக்கெட் இருந்த இடம் தானாகத் திறந்துகொண்டது.

"இது என்ன?"

"பஸ் டிக்கெட்."

"தெரியறது. பதினேழாம் பக்கத்துல அது என்ன பண்றது? முழுக்கப் படிச்சாச்சான்னு கேட்டப்போ 'ம்'னேளே."

நான் காவிரியைப் பார்த்தேன். விழுவதற்குக்கூட ஆழமில்லை.

"பதினெட்டாம் பக்கத்துல 'போதும், வீட்டுக்குத் திரும்பு'ன்னு போட்டிருந்தா என்ன பண்ணுவேள்?" என்றாள்.

சத்தியமாக இது எனக்குத் தோன்றவே இல்லை. எழுநூற்று மூன்று பக்கம் பாக்கி இருக்கிறதே, அதில் அந்த மனிதர் என்ன மனசு மாறினாரோ.

"படிச்சுச் சொல்லுங்கோ. நான் இருக்கேன்" என்று படியில் உட்கார்ந்துகொண்டாள். கண்ணில் மையும் கழுத்தில் மாலையுமாக நின்று பதினெட்டாம் பக்கத்தைப் படித்தேன். முதல் வாக்கியத்தை மூன்று தடவை படித்தேன்.

"என்ன போட்டிருக்கு?"

"புரியலை, கோமளா."

வேஷமில்லாமல் நான் அவளிடம் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். சொன்னதும் கால் லேசாகிவிட்டது. "நான் வரேன். யாரும் சொல்லி இல்லை, நானா வரேன். எனக்கு நீ வேணும்" என்றேன்.

"சரி. உங்க முடிவு ஆச்சு. என்னோடது?"

"என்னது?"

"சுதந்திரம் உங்களுக்கு மட்டும்தான் போட்டிருக்கா அந்தப் பதினேழு பக்கத்துல? நேக்கும் யோசிக்கணும். கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ."

தள்ளி நின்றேன். அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிதானமாக யோசித்தாள். கல்யாண வாத்தியார் தூரத்திலிருந்து கைக்கடிகாரத்தைத் தூக்கிக் காட்டினார்.

"கோமளா, ராகுகாலம் வந்துடும்."

"இப்படி அவசரப்படுத்தினா அது என் முடிவு ஆகாதே."

என்ன செய்வது என்று தெரியாமல் மாமனாரிடம் ஓடினேன். அவர் மடியிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டு வந்து, தேங்காயோடு அவள் முன்னால் நீட்டினேன். "திரும்பி வா. போகவேண்டாம்" என்று அவர் அன்று காலையெல்லாம் என்னிடம் சொன்னதையே அவளிடம் சொன்னேன். எங்கேயும் போகாமல் உட்கார்ந்திருந்தவளிடம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சேவியர் சிரித்தது அக்கரைக்கே கேட்டிருக்கும்.

கோமளா எழுந்தாள். என் குடையை வாங்கி அப்பாவுக்குப் பிடித்தபடி அவரை ஜட்காவில் ஏற்றினாள். வாத்தியாரையும் ஏற்றினாள். தானும் ஏறினாள். எனக்கு இடமில்லை. தட்டும் தேங்காயும் எழுநூற்று இருபது பக்கமுமாக வண்டிக்குப் பின்னால் ஓடினேன். புதுச் செருப்பு மொட்டை கோபுரத்தருகே ஒன்று, தெற்கு வாசலில் ஒன்று என்று கழன்றுபோனது. ஓடிக்கொண்டே கேட்டேன். "முடிவு பண்ணியாச்சா?"

"யோசிச்சிண்டிருக்கேன். முகூர்த்தம் போயிடுமேன்னு வரேன்" என்றாள்.

பத்து இருபத்தைந்துக்குத் தாலி கட்டினேன். கட்டும்போது எனக்கு இரைத்த இரைப்பில் மூன்றாவது முடிச்சை நாத்தனார் முறையில் என் தங்கை போட்டது நல்லதாகப் போயிற்று.

அன்றோடு என் பெயர் போய்விட்டது. எங்கள் தெருவில் நான் 'காசி'. நான் குடையை எடுத்தால் பேரக் குழந்தைகள்கூட, "தாத்தா, காசிக்கா, கறிகாய்க்கா?" என்று கேட்கிறார்கள். மாமனார் இருந்தவரை ஒவ்வொரு கல்யாணத்திலும் மாப்பிள்ளைக் கையில் கொடுக்கிற புத்தகத்தை வாங்கி, எத்தனை பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் தெருவில் இறங்க விடுவார்.

அந்தப் புத்தகத்தைக் கோமளா இரண்டு வருஷத்தில் படித்து முடித்தாள். மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் தினம் ஒரு பக்கம், அகராதியை வைத்துக்கொண்டு. நடுநடுவே தனக்குள் சிரிப்பாள். பதினெட்டிலிருந்து என்னதான் இருக்கிறது என்று கெஞ்சிப் பார்த்துவிட்டேன். "நீங்களா படிச்சுக்கணும். நான் சொன்னா அது உங்க முடிவு ஆகாது" என்று சொல்லிவிட்டாள். டிக்கெட்டை மட்டும் பத்திரமாகப் பதினேழிலேயே வைத்திருக்கிறாள்.

போன வாரம் எங்கள் கல்யாண நாள். எத்தனையாவது என்று பேத்தி விரல் விட்டு எண்ணித் தோற்றுப்போனாள். கோமளா கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு ஜட்கா பின்னால ஓடிண்டே கேட்டதுக்கு நீ இன்னும் பதில் சொல்லலையே."

அவள் நிமிரவில்லை. பாதி அவரைக்காயை என் பக்கம் தள்ளி, இன்னொரு கத்தியையும் நகர்த்தினாள்.

"அவசரப்படுத்தாதேங்கோ" என்றாள். "யோசிச்சிண்டிருக்கேன்."